மரபணு மாற்று மரம்: நடுவது யார், சுமப்பது யார்?

2015 மார்ச் 5. பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் உள்ள இட்டாபெட்டினிங்கா என்ற ஊரில், மரபணு மாற்று மரங்களை உருவாக்கும் ஃபியூச்சராஜீன் நிறுவனத்தின் ஆய்வு வளாகத்துக்குள் ஏறத்தாழ ஆயிரம் பெண்கள் நுழைந்தார்கள். நிலமற்ற கிராமப்புறத் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே நாற்றங்காலில் நின்ற மரபணு மாற்று தைலமரக் கன்றுகளை அழித்தார்கள். அதே நாளில் தலைநகர் பிரேசிலியாவில், அந்த மரத்துக்கு அனுமதி தரலாமா என்று முடிவெடுக்கக் கூடியிருந்த தேசிய உயிரிப் பாதுகாப்பு ஆணையத்தின் கூட்டத்துக்குள் விவசாயிகள் புகுந்தார்கள். அன்று கூட்டம் நின்றுபோனது. ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 9 அன்று, அதே ஆணையம் எச்421 என்ற அந்தத் தைலமரத்துக்கு வணிக அனுமதி வழங்கியது.

பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நடந்த மரபணு மாற்றச் சண்டை நமக்குப் பழக்கமானது. பி.டி. பருத்தி, பி.டி. கத்தரி என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். மரங்களைப் பற்றிய பேச்சு மட்டும் தமிழில் அதிகம் நடக்கவில்லை. மரத்தின் கதை பயிரின் கதையைவிடச் சிக்கலானது. அதனால்தான் அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

பருத்தி ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும். விதைத்தது தவறு என்று தெரிந்தால் அடுத்த பட்டத்தில் விதையை மாற்றிக்கொள்ளலாம். மரம் அப்படியில்லை. பூக்கவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். பூத்த பிறகு பல பத்தாண்டுகள் மகரந்தத்தையும் விதையையும் விட்டுக்கொண்டே நிற்கும். அதற்குள் வறட்சி வரும், பனி வரும், புதுப் பூச்சி வரும், நிலம் கைமாறும், நட்ட நிறுவனமே இன்னொரு நிறுவனத்துக்குள் கரைந்துபோகும். போதாக்குறைக்கு, பயிர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் பழக்கியவை. காட்டு மரங்களோ இன்னும் காட்டுத்தன்மை மாறாதவை. பக்கத்துக் காட்டிலேயே அவற்றின் சொந்தபந்தங்கள் நிற்கும். அமெரிக்காவின் தென்கிழக்கில் பெருந்தோட்டங்களாக வளர்க்கப்படும் லாப்லாலி பைன் மரத்தின் மகரந்தம் 41 கிலோமீட்டர் கடந்த பிறகும் முளைக்கும் திறனோடு இருந்ததை ஓர் ஆய்வு 2010-இல் காட்டியது. வயலுக்கும் வயலுக்கும் இடையே சில நூறு மீட்டர் இடைவெளி விட்டால் போதும் என்ற பயிர்க்கால விதிகளை வைத்துக்கொண்டு இந்த மரத்தை அணுக முடியாது.

பிரேசிலுக்கு வருவோம். எச்421 மரத்துக்குள் வைக்கப்பட்டது அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறு செடியின் மரபணு. அது தைலமரத்தின் செல்சுவரை இளக்கி, செல் பெரிதாக வளர இடம் கொடுக்கிறது. ஃபியூச்சராஜீன் சொன்ன கணக்கு இது: ஒரே நிலத்தில் 20 சதவீதம் கூடுதல் மரம், ஏழு ஆண்டில் வெட்டுவதை ஐந்தரை ஆண்டில் வெட்டலாம். இந்த நிறுவனத்தை 2010-இல் வாங்கியது சுசானோ. 2019-இல் ஃபிப்ரியா நிறுவனத்தையும் தன்னோடு இணைத்துக்கொண்டபின் சுசானோதான் உலகின் மிகப் பெரிய தைலமரக் காகிதக்கூழ் உற்பத்தியாளர்.

'குறைந்த நிலத்தில் அதிக மரம் கிடைத்தால் காடு பிழைக்கும்' என்பது நிறுவனம் முன்வைக்கும் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நடக்க வேண்டுமென்றால், ஏக்கருக்கு லாபம் கூடிய பிறகும் நிறுவனம் ஏக்கரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். லாபம் கூடும்போது நிலத்தின் மீதான பசி அடங்கிய வரலாறு தோட்டத்தொழிலில் அரிது. பிரேசிலில் தைலமரம் மட்டுமே 70 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது. இஸ்பிரித்து சாந்து, பாயியா மாநிலங்களில் மக்கள் அதைப் 'பசுமைப் பாலைவனம்' என்று சொல்கிறார்கள். வரிசை வரிசையாக ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த கன்றுகள், ஒரே உயரம், ஒரே பருமன். அடியில் புல் பூண்டு இருக்காது. ஊரில் இருந்தவர்கள் நகரத்துக்குப் போயிருப்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் காடுகளுக்கு எதிராகப் பேசும் விவசாயிகள் இதே காட்சியைத்தான் வேறு மண்ணில் விவரிக்கிறார்கள்.

இஸ்பிரித்து சாந்துவில் அராகுரூஸ் என்ற காகிதக்கூழ் நிறுவனத்தோடு துப்பினிகிம், குவரானி பழங்குடிகள் பல பத்தாண்டுகள் நிலத்துக்காகப் போராடினார்கள். 2007-இல்தான் ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் அவர்களுடையது என்று அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2006 மார்ச் 8 அன்று, ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் பார்ரா டோ ரிபேரோவில் இதே அராகுரூஸின் நாற்றங்காலை வியா கம்பெசினா என்ற விவசாயிகள் இயக்கத்தின் பெண்கள் அழித்தார்கள். அப்போது பிரேசிலில் மரபணு மாற்று மரம் வணிகத்துக்கு வரவே இல்லை. பின்னாளில் இந்த அராகுரூஸ் ஃபிப்ரியாவின் பகுதியாகி, ஃபிப்ரியா சுசானோவுக்குள் போனது. எனவே 2015-இல் இட்டாபெட்டினிங்காவுக்குள் நுழைந்த பெண்கள் ஒரு மரபணுவை மட்டும் எதிர்த்து வந்தவர்கள் அல்லர். தங்கள் நிலத்தை விழுங்கிய ஒரு தொழில் இன்னும் வேகமாக விழுங்கக் கற்றுக்கொள்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அறிவியல் தெரியாதவர்களின் பயம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கன்றுகளை அழித்தது சரியா என்பது தனி விவாதம். அவர்கள் கேட்ட கேள்விக்கு உயிரிப் பாதுகாப்பு ஆணையத்தின் படிவத்தில் கட்டமே கிடையாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். புரதம் நச்சா, ஒவ்வாமை தருமா, மகரந்தம் எவ்வளவு தூரம் போகும் என்று படிவம் கேட்கும். நிலம் யாருடையது என்று கேட்காது.

2021 நவம்பரில் அடுத்த படி. கிளைபோசேட் களைக்கொல்லியைத் தாங்கும் தைலமரத்துக்கு பிரேசில் அனுமதி கொடுத்தது. தைலமரக் கன்று நட்ட முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் களைதான் அதன் எதிரி. இப்போது மருந்து கன்றின் மேல் படாமல் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கிறது. தாங்கும் ரகம் வந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை, மேலே இருந்தே தெளிக்கலாம். தோட்டத்துக்கு நடுவே தீவு போலச் சிக்கியிருக்கும் சிறு விவசாயியின் மரவள்ளியிலும் பீன்ஸிலும் அந்த மருந்து காற்றோடு வந்து இறங்கினால் அவருடைய பயிர் அதைத் தாங்காது. மரபணு தைலமரத்தில்தான் இருக்கிறது, நட்டம் பக்கத்து வயலில் விழுகிறது.

தேனீ வளர்ப்பவர்களின் கவலை இன்னொரு வகை. தைலமரப்பூ பிரேசில் தேனீக்களுக்குப் பெரிய உணவு ஆதாரம். அங்கிருந்து இயற்கைமுறைத் தேன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி ஆகிறது. தேனில் மகரந்தம் இருக்கும். மரம் மரபணு மாற்றப்பட்டதென்றால் மகரந்தமும் அப்படியே. இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு தேனீ வளர்ப்பாளரின் தேனில் மரபணு மாற்று மக்காச்சோளத்தின் மகரந்தம் கலந்த வழக்கில், அத்தகைய தேனை விற்க முன் அனுமதி தேவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம், மகரந்தம் தேனின் இயற்கையான அங்கம் என்று சட்டத்தைத் திருத்தித் தேன் வணிகத்தின் சுமையைக் குறைத்தது. ஆனாலும் இயற்கைமுறைச் சான்றோடு விற்பவருக்குக் கேள்வி தீரவில்லை. வேலி போட்டுத் தேனீயை நிறுத்த முடியாது. சான்று போனால் இழப்பீடு தரப்போவது யார் என்பதற்கு எந்த அனுமதி ஆணையிலும் பதில் எழுதப்படுவதில்லை.

இந்தத் தொழிலை இதுவரை ஓரளவு கட்டிப்போட்டிருப்பது அரசுச் சட்டத்தைவிடச் சந்தைச் சான்றுதான். காகிதப் பெட்டிகளிலும் நோட்டுப்புத்தகங்களிலும் மரச் சின்னத்தோடு அச்சாகும் எஃப்.எஸ்.சி. என்ற வனச் சான்று அமைப்பின் சான்று, மரபணு மாற்று மரங்களை வணிகத்துக்காக வளர்ப்பதை ஏற்பதில்லை. அதைத் தளர்த்தும் நோக்கில் ஆய்வு செய்யத் தொடங்கிய ஒரு திட்டத்தையும், எதிர்ப்புகளுக்குப் பிறகு 2023-இல் அந்த அமைப்பின் நிர்வாகக் குழு கைவிட்டது. ஆனால் தன்னார்வச் சான்று ஒன்றை நம்பி ஒரு நாட்டின் காடு இருக்கக்கூடாது. வாக்கெடுப்பில் நாளை அது மாறலாம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'பிரச்சினை பெருநிறுவனத்தோடுதானே, நல்ல நோக்கத்தோடு ஒரு பல்கலைக்கழகம் செய்தால்?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்க செஸ்ட்நட் என்ற கொட்டை மரத்தின் கதை அதற்குப் பதில் சொல்கிறது.

ஆசியாவிலிருந்து கொண்டுவந்த செஸ்ட்நட் கன்றுகளோடு ஒரு பூஞ்சை அமெரிக்காவுக்குள் வந்தது. 1904-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் அதை முதலில் கண்டார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் கிழக்கு அமெரிக்கக் காடுகளின் 300 கோடிக்கும் அதிகமான செஸ்ட்நட் மரங்கள் பட்டுப்போயின. பூஞ்சை வேலை செய்யும் விதம் கொடுமையானது. பட்டையில் ஒரு சிறு காயத்தின் வழியே உள்ளே போகும். ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து பட்டைக்கடியில் உள்ள உயிர்த்திசுவைக் கொல்லும். பட்டை குழிந்து, வெடித்து, மேலே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் அரும்பும். புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே உள்ள மரம் செத்துவிடும். வேர் மட்டும் சாவதில்லை. அடியிலிருந்து புதுத்தளிர் விடும், ஆள் உயரத்துக்கு மேல் வளரும், பட்டை முற்றி வெடிக்கத் தொடங்கியதும் பூஞ்சை மறுபடி பிடித்துக்கொள்ளும். நூறு ஆண்டுகளாக அந்தக் காடுகளில் இதுவே நடக்கிறது.

சிரக்யூஸ் நகரில் இருக்கும் நியூயார்க் மாநில சுற்றுச்சூழல், வனவியல் கல்லூரியில் வில்லியம் பவல், சார்லஸ் மேனார்ட் ஆகிய இருவரும் பல பத்தாண்டுகள் இதற்காக உழைத்தார்கள். கோதுமையில் ஒரு மரபணு உண்டு. அது உருவாக்கும் நொதி ஆக்சாலிக் அமிலத்தை உடைத்துவிடும். பூஞ்சையைக் கொல்லாமல் அதன் ஆயுதத்தை மட்டும் பறிப்பது இவர்களுடைய திட்டம். அந்த மரபணுவைச் செஸ்ட்நட்டுக்குள் வைத்து 'டார்லிங் 58' என்ற மரத்தை உருவாக்கினார்கள். 2020-இல் அமெரிக்க வேளாண் துறையிடம் கட்டுப்பாடு நீக்கக் கோரி விண்ணப்பித்தார்கள். விற்று லாபம் பார்க்கும் எண்ணம் அப்போது இல்லை. அழிந்த காட்டை மீட்பதே நோக்கம். மரபணு மாற்ற மரங்களுக்கு எதிரான வாதங்களில் பாதி இந்த மரத்தின் முன் செல்லாது என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

ஆனாலும் நடந்தது இதுதான். 2023 டிசம்பரில், 1983 முதல் இந்த மரத்துக்காக இயங்கிவரும் அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை, டார்லிங் 58-க்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. பவல் அதற்கு முந்தைய மாதம்தான் காலமாகியிருந்தார். டார்லிங் 58 என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் கலப்புச் செய்து, நட்டு, அளந்து, அரசுக்கு விவரம் கொடுத்த மரங்கள் உண்மையில் வேறொரு வரிசையான டார்லிங் 54 என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. 54-இல் கோதுமை மரபணு செஸ்ட்நட்டின் சொந்த மரபணு ஒன்றின் நடுவே போய் உட்கார்ந்து அதைச் சிதைத்திருந்தது. வயலில் நட்ட மரங்கள் ஒன்று போல் ஒன்று இல்லை. சில நோயைத் தாங்கின, சில தாங்கவில்லை. பல சரியாக வளராமல் குட்டையாக நின்றன. கல்லூரி இந்த முடிவை ஏற்கவில்லை, தன் ஆய்வைத் தொடர்கிறது.

யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கதையைச் சொல்லவில்லை. பெயர்ச்சீட்டு மாறுவது எந்த நாற்றங்காலிலும் நடக்கும். நல்ல நோக்கமும் நீண்ட அனுபவமும் உள்ள ஆய்வகத்திலேயே அந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும். கன்றுப் பருவத்தில் நன்றாக இருந்த மரம், வயலில் சில ஆண்டு நின்ற பிறகே தன் குறையைக் காட்டியது. அரசு அனுமதி சற்று முந்தி வந்திருந்தால், அந்த மரங்கள் அப்பலாச்சிய மலைக்காடுகளில் எஞ்சியிருக்கும் இயற்கைச் செஸ்ட்நட் தளிர்களோடு கலப்பதற்காகவே நடப்பட்டிருக்கும். திரும்பப் பெற வழி இருந்திருக்காது. பழங்குடிகளின் கேள்வியும் இங்கே வந்து சேர்கிறது. சிரக்யூஸ் நிற்பதே ஒனொண்டாகா மக்களின் பூர்விக மண். மகரந்தமும் அணில் புதைத்துவைக்கும் கொட்டையும் எல்லைக்கோடு பார்த்து நிற்காது. தங்கள் காட்டில் எது வளரலாம் என்று முடிவெடுக்கும் உரிமை உள்ள ஒரு மக்களிடம், மரம் வந்துசேர்ந்த பிறகு கருத்துக் கேட்பதில் பொருளில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சீனா 2002-லேயே வேகமாக வளரும் பாப்லர் மரத்தின் பூச்சி தாங்கும் பி.டி. ரகத்துக்கு அனுமதி கொடுத்து, பத்து லட்சத்துக்கும் மேல் நட்டது. பாப்லரை ஒரு போத்து வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அதனால் நாற்றங்கால் விட்டு நாற்றங்கால் போகும்போது எது மாற்றிய மரம், எது சாதாரண மரம் என்று பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். அமெரிக்காவில் லிவிங் கார்பன் என்ற நிறுவனம், ஒளிச்சேர்க்கையைக் கூட்டியதாகச் சொல்லும் பாப்லர் கன்றுகளை 2023 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் தனியார் நிலத்தில் நட்டது. கரியமில வாயுவை உறிஞ்சும் அளவைக் கணக்கிட்டுப் பணமாக்குவது அதன் திட்டம். 53 சதவீதம் கூடுதல் வளர்ச்சி என்று நிறுவனம் காட்டிய அளவு, கண்ணாடிக்கூடத்தில் சில மாதங்கள் வளர்ந்த கன்றுகளில் எடுத்தது. காட்டில் நாற்பது ஆண்டு நிற்கப்போகும் மரத்துக்கு அது எவ்வளவு பொருந்தும்?

அந்தக் கன்றுகளுக்கு அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி ஏன் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே விதி, தாவரங்களுக்கு நோய் தரும் உயிரியைப் பயன்படுத்தி மரபணுவை நுழைத்தார்களா என்று பார்க்கிறது. அத்தகைய பாக்டீரியாவை விட்டுவிட்டு, நுண்துகளில் பூசிய மரபணுவைத் துப்பாக்கி போன்ற கருவியால் செலுத்தினால் அந்த விதிக்குள் வராது. இதே வழியில் ஆர்பர்ஜென் நிறுவனத்தின் மரபணு மாற்று லாப்லாலி பைன் 2014-இல் கட்டுப்பாட்டுக்கு வெளியே போனது. 41 கிலோமீட்டர் மகரந்தம் விடும் அதே பைன் இனம்தான். மரம் என்ன செய்யும் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கருவியால் செய்தார்கள் என்று பார்க்கும் சட்டம் காட்டைக் காக்காது.

மகரந்தமே வராமல் மலட்டு மரமாக்கிவிட்டால் என்ன என்று விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப்லரை வைத்து இதைப் பல ஆண்டுகள் வயலில் சோதித்து, நல்ல பலனும் கண்டிருக்கிறார்கள். பரவலைத் தடுக்க இது உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பூக்காத மரத்தில் தேனீக்கு வேலையில்லை, விதை தின்னும் பறவைக்கு இடமில்லை. பசுமைப் பாலைவனம் என்று சொன்ன மக்களுக்கு அதைவிட வறண்ட ஒன்றைத் தீர்வாகக் கொடுப்பது போல் ஆகும்.

2006-இல் பிரேசிலின் குரிச்சிபா நகரில் கூடிய ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள், மரபணு மாற்று மரங்களில் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தன. 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் அதையே மீண்டும் வலியுறுத்தின. சமூக, பொருளாதார விளைவுகளையும் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல என்பதால், எழுதிய நாடுகளே அதைத் தாண்டிப் போயின.

இந்தியா இந்தக் கதைக்கு வெளியே இல்லை. கோட்டயத்தில் இருக்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மரபணு மாற்று ரப்பர், 2021 ஜூன் மாதம் குவாஹாட்டிக்கு அருகே சாருதாரியில் வயல் சோதனைக்காக நடப்பட்டது. அதற்குப் பல ஆண்டு முன்பே கேரளத்தில் நடவு செய்ய மத்தியக் குழுவின் அனுமதி கிடைத்தும், மாநில அரசு ஒப்பவில்லை. வேறு உயிரியின் மரபணு அல்ல, ரப்பரின் சொந்த மரபணுவையே கூடுதலாக வைத்திருக்கிறோம் என்கிறது ரப்பர் வாரியம். வடகிழக்கின் குளிரைத் தாங்கி மரம் வேகமாக வளர வேண்டும் என்பது நோக்கம். ரப்பருக்கு இந்தியக் காடுகளில் உறவு மரங்கள் இல்லை, அமேசானிலிருந்து வந்த மரம். எனவே மரபணு காட்டுக்குள் கசியும் என்ற அச்சம் இங்கே மிகக் குறைவு. இதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

நிலத்தைப் பற்றிய கேள்வி அப்படிக் குறைந்துவிடவில்லை. டயர் நிறுவனங்களின் நிதியுதவியோடு வடகிழக்கிலும் மேற்கு வங்கத்திலும் 2 லட்சம் ஹெக்டேரில் புதிதாக ரப்பர் நடும் திட்டம் அதே 2021-இல் தொடங்கியது. திரிபுராவில் பழங்குடிகள் இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்யும் நிலங்களும் காடுகளும் ஏற்கெனவே பெருமளவில் ரப்பராக மாறியிருக்கின்றன. குளிர் தடுத்துக்கொண்டிருந்த மலைச்சரிவுகளையும் குளிர் தாங்கும் ரப்பர் திறந்துவிடும். அங்கே நெல்லும் எள்ளும் மிளகாயும் கலந்து விதைத்த குடும்பம், பால் வெட்டத் தொடங்க ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டு ரப்பர் விலையை நம்பி இருக்க வேண்டும். விலை விழுந்தபோது என்ன ஆகும் என்று கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே கன்னியாகுமரியிலிருந்து இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. மார்த்தாண்டம் பகுதியின் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். இலையுதிர்ந்து புதுத்துளிர் விடும் மாதங்களில், காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து இனிப்பான நீர் துளிர்க்கும். தேனீக்கள் பூவை விட்டு இலைக்கு வரும். தைலமரத் தேனைப் போல மகரந்தம் கலக்கும் சிக்கல் இதில் குறைவு. ஆனால் மரத்தின் குளிர்தாங்கும் திறனை மாற்றும்போது இலை துளிர்க்கும் காலமும் அந்தச் சுரப்பின் அளவும் தரமும் மாறுமா? பால் வெட்டும் காலத்தையும் தாண்டி இதைப் பார்க்க வேண்டும். தேன்பெட்டி வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ரப்பர் பாலைவிட இந்தச் சொட்டுதான் முக்கியம்.

சாருதாரி சோதனையின் அளவீடுகள் முழுவதும், மரத்தின் வளர்ச்சி மட்டுமல்லாமல் தேனீ, மண், நீர் பற்றிய அளவீடுகளும் சேர்த்து, பொதுவில் வைக்கப்பட வேண்டும். அஸ்ஸாமி, கொக்பொரோக், மலையாளம், தமிழ் என்று ரப்பரோடு வாழும் மக்கள் படிக்கும் மொழிகளில் அவை வர வேண்டும். வயல் சோதனையிலிருந்து வணிக நடவுக்குப் போகும் முன் கிராமசபைகளும் மலைப்பகுதித் தன்னாட்சிக் கவுன்சில்களும் பேச நேரம் வேண்டும். மரம் ஒரு முழுச் சுற்று பால் வெட்டி முடியும்வரை பொறுப்பேற்பது யார், இழப்பீடு எவ்வளவு என்பதும் அனுமதி ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.